தில்லை அம்மனும் ஏதென்ஸ் அதீனாவும்

கடலூர் வட்டாரத்தில் நீங்கள் எந்தப் பெரிய சிவன் கோயிலுக்குச் சென்றாலும் சுவாமிக்கு ஒரு சன்னிதி, அம்மனுக்கு ஒரு சன்னிதி என இரண்டைக் காண்பீர்கள். தொன்றுதொட்டே இப்படித்தான் இருந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 1010-இல் முதலாம் இராசராசன் அதைக் கட்டி முடித்தபோது, இன்று நாம் வணங்கும் பெரியநாயகி சன்னிதி அங்கு இல்லை. அது 13-ஆம் நூற்றாண்டில், பாண்டியர் ஆட்சியில் எழுந்தது. அதற்கு முன் தமிழர் பெண் தெய்வத்தை வணங்கவில்லையா? வணங்கினர். கொற்றவைக்கும் காளிக்கும் தனிக் கோயில்கள் இருந்தன. சிவன் கோயில்களில் உமையின் செப்புத் திருமேனிக்குப் பூசை நடந்தது. ஆயினும், சிவன் கோயில் மதிலுக்குள்ளேயே அம்மனுக்குத் தனிக் கருவறை எழுப்பும் வழக்கம் முதலாம் இராசேந்திரன் காலத்திலிருந்துதான் பரவலாயிற்று என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அத்தகைய சன்னிதியைக் கல்வெட்டுகள் ‘திருக்காமக்கோட்டம்’ என்கின்றன.

கோயிலுக்குள் ஒரு கோயில்

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. செம்மங்குப்பத்தை ஒட்டிச் செல்லும் ரயில் பாதை ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகச் சிதம்பரத்தை அடைகிறது. அங்கே நடராசர் கோயிலினுள், சிவகங்கைத் திருக்குளத்துக்கு மேற்கே சிவகாமியம்மன் சன்னிதி உள்ளது. தனி மண்டபமும் தனித் திருச்சுற்றும் கொண்ட இதைக் கோயிலுக்குள் ஒரு கோயில் என்றே சொல்லலாம்.

இதைக் கட்டியவர் மன்னர் அல்லர், ஒரு படைத்தலைவர். பெயர் மணவிற் கூத்தன். நரலோகவீரன், காலிங்கராயன் என்பன அவருடைய பட்டப் பெயர்கள். முதலாம் குலோத்துங்கன் (1070–1120), அவன் மகன் விக்கிரம சோழன் (1118–1135) ஆகிய இருவரிடமும் பணிபுரிந்தவர். தில்லையில் நூற்றுக்கால் மண்டபம் அமைத்ததும், தேவாரப் பாடல்களைச் செப்பேடுகளில் எழுதச் செய்ததும், மாசிக் கடலாட்டுக்காகக் கடற்கரைக்குச் சாலை அமைத்ததும் இவருடைய பணிகளே. இவை அனைத்தையும் வடமொழிச் செய்யுட்களும் தமிழ் வெண்பாக்களும் கொண்ட கல்வெட்டு நமக்குத் தெரிவிக்கிறது. கல்வெட்டு இல்லாவிடில் இந்த மனிதரையே நாம் அறிந்திருக்க மாட்டோம்.

அம்மன் சன்னிதியின் திருச்சுற்றில் ஆடும் மகளிரும், இசைக் கருவிகளை முழக்குவோரும் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளனர். அக்காலத் திருவிழா கல்லில் உறைந்து நிற்பது போன்ற காட்சி அது.

ஏதென்ஸில் ஒரு கல் ஊர்வலம்

தெய்வத்தின் விழாவைக் கோயில் சுவரிலேயே செதுக்கும் எண்ணம் கிரேக்கருக்கும் இருந்தது. ஏதென்ஸ் நகர மக்கள் தங்கள் காவல் தெய்வமான அதீனாவுக்கு அக்ரோபோலிஸ் குன்றின்மேல் பார்த்தினன் என்னும் பளிங்குக் கோயிலை எழுப்பினர். கி.மு. 447-இல் தொடங்கிய வேலை, சிற்பங்கள் உட்பட 432-இல் முடிவுற்றது. வெளிப்புறத்தில் 46 தூண்கள். உள்ளே பிடியாஸ் என்னும் சிற்பி பொன்னாலும் தந்தத்தாலும் அமைத்த அதீனா சிலை, ஏறத்தாழ 12 மீட்டர் உயரம்.

நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நகரமே திரண்டு ஊர்வலமாகக் குன்றின்மேல் ஏறும். புதிதாக நெய்த ஆடையை, அங்கிருந்த அதீனாவின் பழைய மரச்சிலைக்குச் சாத்துவர். நாம் அம்மனுக்குப் பட்டுச் சாத்துவது உங்களுக்கு நினைவுக்கு வரும். பார்த்தினனின் உட்சுவர் மேல் 160 மீட்டர் நீளத்துக்கு ஓடிய சிற்ப வரிசை இந்த ஊர்வலத்தையே காட்டுகிறது என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. கோயிலுக்கான வரவு செலவுக் கணக்கையும் அவர்கள் கல்லில் வெட்டி வைத்தனர்.

அதீனா வழிபாடு மறைந்தபின் பார்த்தினன் கிறித்தவக் கோயிலாயிற்று, பின்னர் மசூதியாயிற்று. 1687-இல் துருக்கியர் அதை வெடிமருந்துக் கிடங்காகப் பயன்படுத்தியபோது வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. 1801 முதல் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்தனர். 1816-இல் பிரிட்டன் அவற்றை விலைக்கு வாங்கியது. இன்று அந்த ஊர்வலத்தின் ஒரு பகுதி லண்டனிலும் மற்றொரு பகுதி ஏதென்ஸிலுமாகப் பிரிந்து கிடக்கிறது.

நம் பொறுப்பு

தில்லையில் அப்படி நேரவில்லை. அம்மனுக்கு இன்றும் பூசை நடக்கிறது. ஐப்பசிப் பூர விழாவும் நடக்கிறது. ஆகவே, நம் கற்களுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லிவிடலாமா? முடியாது. வழிபாடு நின்ற கோயிலைப் போரும் கொள்ளையும் அழிக்கின்றன. வழிபாடு உள்ள கோயிலிலோ, பக்தியோடு செய்யும் காரியமே கல்வெட்டை அழித்துவிடக்கூடும். சுண்ணாம்பும் வண்ணமும் பூசினால் எழுத்து மறைகிறது. எண்ணெய் தடவினால் அழுக்கு ஏறுகிறது. மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுவரைத் துப்புரவு செய்தால் கல்லின் மேற்பரப்பே தேய்ந்துவிடுகிறது.

கல்வெட்டைப் படியெடுக்கும் முறை எளியது. ஈரத் தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் அடிப்பார்கள். தாள் எழுத்தின் பள்ளங்களில் அமுங்கும். பிறகு மை ஒற்றினால் பள்ளம் வெண்மையாகவும் மற்ற இடம் கருமையாகவும் தெரியும். பள்ளம் தேய்ந்துபோன கல்லிலிருந்து எந்த நிபுணராலும் படியெடுக்க முடியாது.

அடுத்த முறை சிதம்பரம் சென்றால், அம்மனைத் தரிசித்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். திருச்சுற்றை நிதானமாக வலம் வாருங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கினால், சுவரில் எழுத்து உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பூச்சு வேலை தொடங்கும் முன்பே பெரியவர்களிடம் சொல்லுங்கள். தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். மணவிற் கூத்தனைப் போல் இன்னும் எத்தனை பேருடைய பெயர்கள் அந்தச் சுவர்களில் படிக்கப்படாமல் இருக்கின்றனவோ!