கல்லாய் நிற்பவர்கள்: பெங்களூரின் நடுகற்களும் கல்லறைகளும்

இடுகாட்டுப் பக்கம் போய்விட்டு வந்தால் தலை முழுகாமல் வீட்டுக்குள் விடமாட்டார்கள். சமணர்களாகிய எங்களுக்குப் புதைக்கிற வழக்கமும் கிடையாது, எரிப்பதுதான். அப்படிப்பட்டவன் வேலை மெனக்கெட்டுக் கல்லறை பார்க்கப் போவானேன் என்று கேட்கிறார்கள். நாம் குடியிருக்கும் இந்த ஊரின் பெயரே முதன்முதலில் கிடைப்பது செத்தவன் ஒருவனுக்கு நட்ட கல்லில்தான் என்பதே என் பதில்.

பேகூர் நாகேசுவரர் கோயிலில் அந்த நடுகல் இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 890, கங்கர் காலம். நாகத்தரன் என்ற தலைவனைச் சார்ந்த ஒருவன் பெங்களூர்ப் போரில் மடிந்ததைப் பழங்கன்னடத்தில் சொல்கிறது. ஒய்சள மன்னன் வீரபல்லாளனுக்குக் கிழவி ஒருத்தி வெந்த பயறு கொடுத்ததால் 'பெந்தகாளூரு' ஆயிற்று என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோமே, அந்த மன்னன் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது இந்தக் கல். கதை நல்ல கதைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு கல், மண்டியா மாவட்டம் ஆதகூரிலிருந்து கொண்டுவந்து கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்தில் சேர்த்தது. இது நாய்க்கு எடுத்த கல்! காளி என்ற வேட்டை நாய் காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டுமே செத்தன. நாயும் பன்றியும் மோதுவதை மேலே செதுக்கி, கல்லின் பூசைக்கு நிலமும் விட்டிருக்கிறார்கள். நம் பக்கத்திலும் இதற்கு ஜோடி உண்டு. திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல், கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது.

ஆனால் ஆதகூர்க் கல்லில் நமக்கு நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றும் இருக்கிறது. கி.பி. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தனைக் கங்க மன்னன் பூதுகன் கொன்றதைப் பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மவன் சாவு அவர்களுக்கு வெற்றி. இருந்தாலும் தமிழர்கள் போய்ப் பார்க்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். ஆயிரம் வருஷம் ஆனால் பகை ஆறிவிடும் போலிருக்கிறது.

எங்கள் மரபில் நடுகல்லுக்குப் பதில் நிசீதிகை. உணவைத் துறந்து சல்லேகனை நோன்பில் உயிர் விட்டவர்களின் இடத்தைக் குறிப்பது அது. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் நோற்றார் என்று பாறையில் ஒரே வாக்கியம். தமிழ்க் கல்வெட்டுகளில் 'ஐ' என்ற எழுத்து முதலில் தென்படுவது இங்கேதான் என்பர் அறிஞர். அதே குன்றில் இளையபட்டாரர் என்பவருக்கு 30 நாள். என்னைப் போன்ற கடைக்காரனுக்கு இந்தச் சுருக்கம் ரொம்பப் பிடிக்கும். ஒரு வாழ்க்கையின் கணக்கை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சிரவணபெளகுளத்துச் சந்திரகிரியில் இப்படிப்பட்டவை ஏராளம். இராட்டிரகூட மன்னன் நான்காம் இந்திரன் 982இல் அங்கே நோற்றுத்தான் மறைந்தான்.

செஞ்சி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சிவாஜிநகர் மரியன்னை ஆலயத்தின் ஆதிக் குடிகள் செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கிறித்தவர்களே. வெள்ளை அரிசி, அதாவது பிளி அக்கி, பயிரிட்டதால் அந்த இடம் பிளாக்பள்ளி ஆனது என்று ஒரு விளக்கம் உண்டு. 1809இல் தண்டு அமைந்தபோது சென்னைப் பட்டாளத்தோடு மேலும் பல தமிழ்க் குடும்பங்கள் வந்தன. அவர்களுடைய வாரிசுகள் பலர் ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டங்களில் துயில்கிறார்கள்.

அங்கே ஆங்கிலக் கல்லறைகளில் வயதைப் படித்துப் பாருங்கள். ஏழு மாதம், பதினோரு நாள் என்று குழந்தைகள். ஆண்ட சாதி என்கிறோம், அவர்கள் வீட்டுத் தொட்டிலையும் காய்ச்சலும் காலராவும் விட்டுவைக்கவில்லை. 1898இல் பிளேக் வந்தபோது ஊரே காலியானது. சில அடி தள்னால், 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று தமிழ் எழுத்து. அரவமே இல்லாத இடத்தில் தாய்மொழியைப் பார்க்கும்போது யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கிறது.

எல்லாக் கல்லும் தப்பவில்லை. 1791 மார்ச்சில் காரன்வாலிஸ் படை கோட்டையைப் பிடித்தபோது செத்த அதிகாரிகளைப் புதைத்த தோட்டம் இன்று இல்லை. அவர்கள் நினைவாக மாநகராட்சி அருகே நின்ற தூணையும் 1964இல் இடித்துவிட்டார்கள். அந்நியன் வெற்றிச் சின்னம் எதற்கு என்ற கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அளவுகோலை எடுத்தால் ஆதகூர்க் கல்லை நாம்தான் உடைக்கணும்! இடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நல்லதும் நடக்கிறது. ஹெப்பாளத்தில் சாக்கடை வேலையின்போது மண்ணில் கிடந்த கித்தய்யன் நடுகல்லை 2018இல் மீட்டார்கள். கி.பி. 750 வாக்கிலானது. ஊர்க்காரர்களே முன்நின்று அதற்கு மண்டபமும் எழுப்பிவிட்டார்கள்.

நம் கற்களுக்குத்தான் ஆளில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று பேரப்பிள்ளைகள் பூவும் மெழுகுவத்தியுமாக வருகிறார்கள். தாத்தா கல்லில் இருக்கும் தமிழை அவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை, பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறார்கள். பழுது பார்க்கும்போது பளிங்கு போட்டு ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் தமிழ்க் கல் போன இடம் தெரியாது. பழைய கல் வைத்திருக்கும் குடும்பத்தார் காலை எட்டு மணிக்குள் போய்ப் படம் எடுங்கள். சாய்வெயில் விழும்போதுதான் தேய்ந்த எழுத்து எழும்பி நிற்கும். சாக்பீஸ் தேய்க்க வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம்.