பத்து தௌ இடைவெளி: ராக்கர் ஆர்ம் சரிசெய்தலின் வரலாறு

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் ராக்கர் கவரைக் கழற்றினால் எட்டு ராக்கர்கள் ஒரே தண்டில் வரிசையாகக் கோத்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முனையில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும். மறுமுனை வால்வுத் தண்டின் தலைக்கு மேலே நிற்கும். அந்த முனைக்கும் வால்வுக்கும் நடுவே அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டு அதில் பத்துப் பங்கு இடம் விடவேண்டும். பட்டறைப் பேச்சில் ‘பத்து தௌ’. மில்லிமீட்டரில் சொன்னால் 0.25. டேப்பெட் வைப்பது, டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் வேலை முழுவதும் இந்தக் கால் மில்லிமீட்டரைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

இந்த இடைவெளியின் வரலாற்றை நேர்கோடாக எழுதிவிடுவது வழக்கம். முதலில் ஸ்க்ரூ வந்தது, பிறகு ஷிம் என்ற மெல்லிய அளவுத்தகடு வந்தது, கடைசியில் எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் வந்து பிரச்சினையைத் தீர்த்தது என்பார்கள். எஞ்சின்களைக் காலவரிசையில் அடுக்கிப் பார்த்தால் இந்தக் கோடு வளைந்துவிடுகிறது. இடைவெளி எந்தக் காலத்திலும் ஒழியவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புதான் கைமாறிக்கொண்டே இருந்திருக்கிறது. தொழிற்சாலையிடமிருந்து மெக்கானிக்குக்கும், மெக்கானிக்கிடமிருந்து எண்ணெய்க்கும் போன அந்தப் பொறுப்பு மறுபடி தொழிற்சாலைக்கே திரும்பியிருக்கிறது.

இடைவெளி எதற்கு என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எஃகு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீளும். 100 மில்லிமீட்டர் நீள வால்வு 300 டிகிரி சூடேறினால் 0.36 மில்லிமீட்டர் வளரும். பிளாக்கும் ஹெட்டும்கூட வளரும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் வளர்வதில்லை. இந்த வித்தியாசத்துக்கு இடம் விடாவிட்டால் வால்வு தன் சீட்டில் முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை சீட்டின் வழியாகத்தான் ஹெட்டுக்குத் தள்ளுகிறது. உட்கார இடம் கிடைக்காத வால்வு அதன் விளிம்பிலிருந்து கருகத் தொடங்கும். இடைவெளி கூடிப்போனால் இப்படி ஆபத்தில்லை. ‘டக் டக்’ என்று சத்தம் வரும், வால்வு கொஞ்சம் தாமதமாகத் திறந்து முன்னதாக மூடும், திறப்பின் உயரமும் குறையும். சத்தம் போடும் டேப்பெட்டைவிடச் சத்தமே இல்லாத டேப்பெட்டைக் கண்டு அனுபவசாலிகள் பயப்படுவது இதனால்தான்.

ஸ்க்ரூ இல்லாத காலம்

தொடக்க காலக் கார்களில் பாதி வால்வுகளுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. தெ தியோன்-பூத்தோன் போன்ற பிரெஞ்சு எஞ்சின்களில் இன்லெட் வால்வைத் தள்ளித் திறக்க எதுவும் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே மெல்லிய ஸ்பிரிங்கை வென்று அதைத் திறக்கும். எக்ஸாஸ்ட்டுக்கு மட்டும்தான் அதைத் தள்ளித் திறக்கும் கேம். எஞ்சினின் வேகம் கூடியபோது உறிஞ்சலை நம்ப முடியாமல் போயிற்று. இன்லெட்டும் கேமின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. இடைவெளிக் கணக்கும் இரட்டிப்பாயிற்று.

1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி இந்த வரலாற்றில் தனித்துப் பார்க்கவேண்டிய எஞ்சின். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே நின்றன, ராக்கர் கிடையாது. கேமுக்கும் வால்வுக்கும் நடுவே குட்டையான புஷ் ராடு ஒன்றுதான். அதில் திருக ஸ்க்ரூவோ நட்டோ இல்லை. இடைவெளி அங்குலத்தில் 64இல் ஒரு பங்குக்குக் குறையாமலும் 32இல் ஒரு பங்குக்கு மேற்போகாமலும் இருக்கவேண்டும் என்பது ஃபோர்டின் அறிவுரை. அதாவது சுமார் 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை. இன்றைய கண்ணுக்கு இது வாசற்படி இடுக்கு மாதிரித் தெரியும். வால்வை அரைத்து சீட்டில் புதிதாகப் பதித்தால் வால்வு சற்றே கீழிறங்கும், இடைவெளி சுருங்கும். அப்போது வால்வுத் தண்டின் அடிமுனையைத் தேய்த்துக் குறைக்கவேண்டும். தேய்மானத்தால் இடைவெளி பெருகினால் புஷ் ராடையே மாற்றவேண்டும். ஒன்றரைக் கோடி கார்கள் இப்படி ஓடின. திருகக்கூடிய புஷ் ராடுகளை வெளியார் செய்து விற்றதும் உண்டு. ஃபோர்டு மட்டும் அடுத்து வந்த மாடல் ஏயிலும் 1932இன் பக்கவால்வு வி-8இலும் அதே கொள்கையில் நின்றது. இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழிற்சாலையில் சரியாக வைத்துவிட்டால் வாடிக்கையாளர் கை வைக்கத் தேவையில்லை என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. எண்பது தொண்ணூறு ஆண்டுகள் கழித்து இதே நம்பிக்கை வேறு உடையில் திரும்பி வந்தது.

ஸ்க்ரூவின் ஆட்சி

வால்வுகளை ஹெட்டுக்கு மேலே கொண்டுபோன பெருமை அமெரிக்காவில் ப்யூக்குக்கு உரியது. 1904இல் விற்பனைக்கு வந்த அதன் மாடல் பி மேல்வால்வு எஞ்சின் கொண்டது. கேம் கீழே கிடக்க, வால்வு மேலே தொங்க, நடுவில் நீளமான புஷ் ராடும் ராக்கரும் வந்தன. சூட்டில் நீளும் பாகங்கள் பெருகின, தேயும் இடங்களும் பெருகின. தண்டைத் தேய்த்துச் சமாளிக்கும் ஏற்பாடு இனி ஓடாது. ராக்கரின் முனையில் ஒரு ஸ்க்ரூவும் அதைப் பிடித்து நிறுத்த ஒரு லாக் நட்டும் உலகமெங்கும் பரவின.

நம் நாட்டில் இந்த அமைப்பைப் பெருமளவில் பழக்கியது அம்பாசடர். முதலில் பக்கவால்வு எஞ்சினோடு வந்த அந்தக் காருக்கு 1959இல் பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் 1489 சிசி மேல்வால்வு எஞ்சின் கிடைத்தது. ராக்கர் இடைவெளி 15 தௌ, அதாவது 0.38 மில்லிமீட்டர்.

இந்த எஞ்சினில் டேப்பெட் வைப்பதற்கு அழகான ஒரு கணக்கு உண்டு. வால்வுகளை முன்னாலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொள்ளவேண்டும். எந்த வால்வு முழுக்கத் திறந்து நிற்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் எந்த வால்வைச் சரிசெய்யலாம் என்று தெரியும். முதல் வால்வு திறந்திருந்தால் எட்டாவது, மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது. இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஒன்றாவது சிலிண்டரும் நான்காவதும் ஒன்றாக ஏறி இறங்குபவை. இரண்டும் மூன்றும் அப்படியே. வால்வுகளும் எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட் என்று தொடங்கி மீதி நான்கிலும் அதே வரிசையில் நிற்பதால் முன்பாதியும் பின்பாதியும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும். ஒரு பக்கம் கேமின் மூக்கு மேலே நிற்கும்போது அதன் ஜோடிக்குக் கேமின் முதுகுதான் கிடைக்கும். மேனுவலைப் படிக்காதவர்களும் இந்த ஒன்பதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

கை வேலை இப்படி நடக்கும். ரிங் ஸ்பேனரால் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு, மறுகையால் ஃபீலர் கேஜின் பிளேடை நுழைத்து இழுத்துப் பார்ப்பார்கள். பிளேடு தடுக்காமல் போகவேண்டும், வரும்போது லேசாகப் பிடிக்கவும் வேண்டும். பிறகுதான் தொல்லை. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். பதினைந்து தௌ பதின்மூன்றாகிவிடும். அதனால் டிரைவரை அசையாமல் பிடித்துக்கொண்டு இறுக்கி, மறுபடி பிளேடைப் போட்டுப் பார்ப்பார்கள். புதிதாகக் கற்றுக்கொள்ளும் பையன்கள் அந்த இரண்டாவது அளவைத்தான் விட்டுவிடுவார்கள்.

அளவு சரியாக இருந்தும் சத்தம் நிற்காத எஞ்சின்கள் உண்டு. ராக்கரின் முனை பல ஆண்டுகள் வால்வில் உரசி அதில் வால்வுத் தண்டின் அகலத்துக்குக் குழி விழுந்திருக்கும். தட்டையான பிளேடு அந்தக் குழிக்கு மேலே பாலம்போல் கிடக்கும். பிளேடு பதினைந்து என்று சொல்லும், உண்மையில் இருபதுக்கு மேல் இருக்கும். கேஜைக் கீழே வைத்துவிட்டுக் காதை நம்பிய மெக்கானிக்குகளைப் படித்தவர்கள் கேலி செய்ததுண்டு. குழி விழுந்த ராக்கர் விஷயத்தில் காதுதான் சரி. மிகச் சரியான தீர்வு ராக்கரைக் கழற்றி முனையை அரைப்பது அல்லது புதிதாகப் போடுவது.

ஜெர்மானிய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் அளவு இன்னும் நெருக்கம்: 0.10 மில்லிமீட்டர். அதன் ஆயில் கூலர் மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நின்றதால் அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக ஓடியது. அதன் எக்ஸாஸ்ட் வால்வுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக இடம் விட்ட உரிமையாளர்கள் நிறைய பேர்.

எண்ணெய் பொறுப்பேற்கிறது

இடைவெளியைப் பூஜ்யமாக்கும் ஆசை பழையது. பிரான்சின் அமேதே பொலே 1910லேயே எண்ணெயால் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பைச் சிந்தித்துப் பதிவு செய்தார். அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது ஓர் ஆடம்பரக் கார். 1930 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் காட்டப்பட்ட காடிலாக் வி-16. ஓவன் நேக்கர் வடிவமைத்த அந்த எஞ்சினில் 32 வால்வுகள். முப்பத்திரண்டு இடைவெளிகள் தட்டினால் எவ்வளவு பணம் கொடுத்து வாங்கியவரும் முகம் சுளிப்பார். ராக்கரின் நடுத்துளையில் மையம் விலகிய புஷ் ஒன்றை வைத்து, எண்ணெய் அழுத்தத்தால் அதைச் சுழலவைத்து இடைவெளியை மூடினார்கள். 1933இல் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் கேமின் மேல் உட்காரும் லிஃப்டருக்குள்ளேயே எண்ணெயை அடைத்தது. இன்றுவரை நீடிக்கும் வடிவத்துக்கு அது நெருக்கமானது.

லிஃப்டர் வேலை செய்யும் விதம் எளிது. உள்ளே ஒரு சிறு பிளஞ்சர், அடியில் ஒரு குண்டு வால்வு. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் ஸ்பிரிங் பிளஞ்சரை மேலே தள்ளி இடைவெளியை மூடும். காலியான இடத்தில் எண்ணெய் புகும். கேம் தூக்கும்போது குண்டு வழியை அடைத்துவிட, அகப்பட்ட எண்ணெய் எஃகுபோல் நிற்கும். ஒவ்வொரு தடவையும் துளி அளவு கசியும். அந்தக் கசிவினால்தான் சூட்டில் வால்வு நீண்டாலும் இடம் கிடைக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் கேம் 1500 சுற்று. அப்படியானால் நொடிக்கு 25 முறை டேப்பெட் வைக்கப்படுகிறது.

சாமானியக் கார்களுக்கு இதைக் கொண்டுவந்த கட்டங்களில் 1955இன் செவர்லே வி-8 முக்கியமானது. ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவில் கிளேட்டன் லீச் உருவாக்கிய ராக்கரை அது எடுத்துக்கொண்டது. வார்ப்பும் இல்லை, தண்டும் இல்லை. தகட்டை அழுத்தி வடித்த ராக்கர், ஹெட்டில் அடித்த ஒரு ஸ்டட், நடுவில் அரைக்கோள வடிவ உருண்டை, மேலே ஒரு நட். அவ்வளவுதான். உள்ளே துளையுள்ள புஷ் ராடு வழியாக எண்ணெய் ஏறி ராக்கரை நனைக்கும். ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள எஞ்சினில் புஷ் ராடின் ஆட்டம் நிற்கும்வரை நட்டைத் திருகி, அதற்கு மேல் ஒரு சுற்று கொடுத்தால் போதும். பிளஞ்சர் தன் ஓட்டத்தின் நடுவே வந்து நிற்கும். கேஜ் வேண்டாம்.

பந்தயக்காரர்கள் மட்டும் இதை ஏற்கவில்லை. அதிவேகத்தில் வால்வு ஸ்பிரிங் தோற்று, வால்வு கேமைப் பின்தொடராமல் ஒரு கணம் மிதக்கும். லிஃப்டர் அதை இடைவெளி என்று எடுத்துக்கொண்டு எண்ணெயால் நிரப்பிவிடும். பிறகு வால்வு மூட முடியாமல் திறந்தபடி தொங்கும். செவர்லே பொறியாளர் சோரா ஆர்கஸ்-டன்டோவின் பெயரோடு வழங்கும் 1964ஆம் ஆண்டு கேம் திட லிஃப்டருக்கு உரியது. இரண்டு வால்வுகளுக்கும் 30 தௌ இடைவெளி வைக்கவேண்டியிருந்ததால் அதன் பெயரே ‘30-30’ ஆயிற்று. முக்கால் மில்லிமீட்டர்! மாடல் டியின் மேல்வரம்புக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிறது.

மறுபடி தொழிற்சாலைக்கு

கேமை நேரே வால்வின் தலைமேல் வைத்துவிட்டால் புஷ் ராடும் ராக்கரும் தேவையில்லை. திருகுவதற்கு இடமும் இல்லாமல் போகும். முதல் உலகப்போர்க் கால ஹிஸ்பானோ-சூயிசா விமான எஞ்சினில் மார்க் பிர்கிக்ட் வால்வுத் தண்டின் உச்சியில் மரையுள்ள வட்டத்தகடு வைத்துத் தப்பித்தார். 1948இன் ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினில் வால்வின் தலையைக் கவிழ்ந்து மூடும் பக்கெட்டுக்குள்ளே ஷிம். ஒரு தௌ மாற்றவேண்டுமென்றாலும் கேம் ஷாஃப்டையே கழற்றவேண்டும். ஃபெராரியிலிருந்து ஃபியட்டுக்கு வந்த ஆரேலியோ லாம்ப்ரெடி 1966இல் ஃபியட் 124இன் இரட்டைக் கேம் எஞ்சினில் ஷிமைப் பக்கெட்டின் மேலே கொண்டுவந்து வைத்தார். பக்கெட்டைச் சற்று அமுக்கிப் பிடித்து ஷிமை உருவிவிடலாம், கேம் அதன் இடத்திலேயே இருக்கும். அதைப் பார்க்கும்போது, பட்டறையில் வேலை செய்பவனை நினைத்து வடிவமைத்தவர் என்று தோன்றும்.

இதற்கிடையில் இடைவெளியின் போக்கையே பெட்ரோல் மாற்றிவிட்டது. தாமஸ் மிட்ஜ்லி 1921இல் கண்டறிந்து 1923 முதல் விற்பனைக்கு வந்த ஈயம் கலந்த பெட்ரோல், நாக்கிங்கைத் தடுத்ததோடு வால்வு சீட்டின் மேல் மெல்லிய படிவை விட்டு மெத்தைபோலக் காத்தும் வந்தது. இந்தியாவில் 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் அது மட்டும்தான். வார்ப்பிரும்பிலேயே சீட் வெட்டிய பழைய ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குள் புதையத் தொடங்கியது. புதையும் வால்வின் தண்டு மேலே எழும், இடைவெளி சுருங்கும். டேப்பெட் என்றால் தேய்ந்து கூடும் என்றே பழகிய கைகளுக்கு இது தலைகீழ் அனுபவம். சத்தம் குறைந்துகொண்டே வரும் வண்டியைத்தான் இனி அடிக்கடி திறந்து பார்க்கவேண்டியிருந்தது.

ஹைட்ராலிக்கே இறுதி என்று எண்ணப்பட்ட காலத்தில்தான் டொயோட்டா தன் 1இஸட்இஸட் எஞ்சினில் ஷிமையும் எண்ணெயையும் சேர்த்து விலக்கியது. எடை குறையும், எண்ணெய்க்கான துளைகள் வேண்டாம், பாகங்களும் சொற்பம். அதில் இருப்பது வெறும் பக்கெட். 5.06 மில்லிமீட்டரில் தொடங்கி 5.74 வரை 0.02 வித்தியாசத்தில் 35 தடிமன்கள். தொழிற்சாலையில் ஒவ்வொரு வால்வுக்கும் அளந்து பொருத்திவிட்டார்கள். பின்னாளில் இடைவெளி மாறினால் பதினாறு வால்வுகளையும் அளந்து தாளில் எழுதி, கேம் ஷாஃப்டுகளைக் கழற்றி, பழைய பக்கெட்டின் தடிமனை மைக்ரோமீட்டரில் பார்த்து, கூட்டிக் கழித்து, புதிய எண்ணைச் சொல்லி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஆள் அனுப்பவேண்டும். ஃபோர்டு காலத்துப் பட்டறை வால்வுத் தண்டை அரத்தில் தேய்த்தது. இங்கே தேய்க்கவும் முடியாது, திருகவும் முடியாது. பெரும்பாலான வண்டிகளில் அளவு எல்லைக்குள்ளேயே இருக்கும்; எழுதிய தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, புது கேஸ்கெட் வைத்துக் கவரை மூடிவிடுவார்கள்.