பிளாப்பியிலிருந்து பென் டிரைவ் வரை

மலர்க்குழு நண்பர்கள் "கம்ப்யூட்டர் சரித்திரத்தில் ஏதாவது எழுதுங்க" என்றார்கள். சரித்திரம் என்றால் ராஜா ராணி கதையாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? ஒரு கணினியை லினக்ஸ் கொண்டு எழுப்புவதற்கு நாம் பட்ட பாடும் சரித்திரம்தான்.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை வெளியிட்டபோது அவருக்கு வயது 21. ஜூனியர் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்கவும்! 1993-ல் பாட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட 'ஸ்லாக்வேர்' பிளாப்பி பிளாப்பியாக வந்தது. ஒரு பிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்.பி. 'பூட்' ஒன்று, 'ரூட்' ஒன்று. இந்த இரண்டையும் டாஸில் 'ராரைட்' என்ற நிரலால் எழுத வேண்டும். மற்ற மூட்டையெல்லாம் ஏ வரிசை, என் வரிசை, எக்ஸ் வரிசை என்று அடுக்கடுக்காக வரும். நடுவில் ஒண்ணு 'ரீட் எரர்' காட்டினா அன்றைய பொழுது அவ்வளவுதான்.

நம் நாட்டில் இந்தச் சுமையை இறக்கி வைத்தது 'பிசி குவெஸ்ட்' பத்திரிகை. 1996 முதல் லினக்ஸ் சி.டி.யை இதழோடு சேர்த்தே தந்தார்கள். இன்டர்நெட் என்பது காதால் கேட்ட சங்கதியாக இருந்த காலம் அது. தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம் என்று பஸ்ஸில் படப்பைக்கு வந்து போன எங்களுக்கு அந்த ஒரு சி.டி. பத்துக் கை மாறியது. ஆனால் லேபில் அதைப் போட விடுவார்களா? "ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டா தொலைச்சிடுவேன்" என்பது பொறுப்பாளரின் நிரந்தர எச்சரிக்கை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அத்தனை பேருடைய ரெக்கார்டும் அதில்தானே இருந்தது.

அந்தப் பயத்துக்கு மருந்தாக 2000-ல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 'நாப்பிக்ஸ்' கொண்டு வந்தார். டிஸ்க்கில் எதையும் பதிக்காமல் சி.டி.யிலிருந்தே முழு லினக்ஸும் ஓடும். அதே ஆண்டில்தான் பென் டிரைவும் கடைக்கு வந்தது. இரண்டும் பிற்பாடு ஒன்று சேர்ந்தன.

கணினியை ஆன் செய்தவுடன் பழைய பயாஸ், டிரைவின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கிறது. அதில் துவக்க நிரல் இருந்தால் வேலை நடக்கும். இப்போதைய யு.இ.எஃப்.ஐ. கணினியோ ஃபேட் பகுதியில் 'இ.எஃப்.ஐ.' என்ற ஃபோல்டரைத் தேடுகிறது. ஐ.எஸ்.ஓ. கோப்பைச் சும்மா காப்பி பேஸ்ட் செய்தால் பென் டிரைவ் பூட் ஆகாததற்கு இதுவே காரணம். உள்ளே இருப்பதை உரிய இடத்தில் எழுத வேண்டும். ரூஃபஸ் போன்ற நிரல்களும் லினக்ஸின் 'டிடி' கட்டளையும் அதைத்தான் செய்கின்றன.

நம்ம ஏரியாவுக்கும் இதில் பங்கு உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் கைகோத்து 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் விளைந்ததே டெபியனை அடிப்படையாகக் கொண்ட, தமிழும் தெரிந்த 'பாஸ்' லினக்ஸ். உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் எல்காட் தன் அலுவலகக் கணினிகளை சூசி லினக்ஸுக்கு மாற்றியதும் அந்தக் காலத்தில்தான். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அந்த மடிக்கணினிகள் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இன்றும் கிடக்கின்றன. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்து, இன்னும் பல கணினிகள் அந்தப் பரணுக்குப் போகக் காத்திருக்கின்றன. புதுசு வாங்க வசதியில்லாத மாணவனுக்கு அவற்றில் ஒன்று போதும். 8 ஜி.பி. பென் டிரைவ், ஒரு மணி நேரம், அவ்வளவுதான் செலவு. முதலில் நிறுவாமல் 'லைவ்' ஆக ஓட்டி வை-ஃபை, சவுண்ட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ரொம்பப் பழைய 32 பிட் கணினி என்றால் டெபியன் 13 ஆகாது, அதில் அந்த ரகத்துக்கான நிறுவி கிடையாது. 'டிடி' போடுகிறவர்கள் 'எல்எஸ்பிஎல்கே' என்று அடித்து, எது பென் டிரைவ், எது ஹார்ட் டிஸ்க் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டு பிறகு என்டர் தட்டுங்கள். அந்தக் கட்டளை "நிச்சயமாவா?" என்று கேட்காது.