குடியிருப்போர் நலச் சங்கங்கள் மீதான அதிருப்தி (மதுரை)

இக்கட்டுரை வீட்டு உரிமையாளர்கள் அமைக்கும் குடியிருப்புச் சங்கங்களைப் பற்றியது. மதுரையில் இருந்ததாகக் கூறப்படும் புலவர் அவையைப் பற்றி அறிய, தமிழ்ச் சங்கம் கட்டுரையைப் பார்க்கவும்.

குடியிருப்போர் நலச் சங்கம் என்பது ஒரு தெரு, மனைப்பிரிவு அல்லது அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வைத்திருப்போரும் குடியிருப்போரும் தங்கள் பொதுத் தேவைகளுக்காக அமைத்துக்கொள்ளும் அமைப்பு ஆகும். மதுரை மாநகரிலும் அதனைச் சுற்றியுள்ள புறநகர்ப் பகுதிகளிலும் இத்தகைய சங்கங்கள் பரவலாகக் காணப்படுகின்றன. குடிநீர், தெருவிளக்கு, பாதாளச் சாக்கடை, காவல் போன்றவற்றில் இவை ஆற்றிய பணி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆயினும் இவற்றை விரும்பாத, சேர மறுக்கும் அல்லது சேர்ந்துவிட்டு வருந்தும் வீட்டு உரிமையாளர்களும் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளிலும் உள்ளனர். சந்தா கொடுக்க மனமில்லாமையே இதற்குக் காரணம் என்று சங்க நிர்வாகிகள் கூறுவது வழக்கம். இது முழு உண்மை அன்று. சட்டப்படி அதிகாரமில்லாத சங்கம் அதிகாரம் உள்ளது போல நடந்துகொள்வதும், அதிகாரம் உள்ள சங்கம் கணக்குக் காட்டாமல் இருப்பதுமே பெரும்பாலான பிணக்குகளின் வேராக உள்ளன.

பின்னணி

மதுரை நகராட்சி 1866இல் அமைக்கப்பட்டு, 1971 மே 1 அன்று மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் எல்லிஸ் நகர், அண்ணா நகர், கே. கே. நகர் முதலிய இடங்களில் குடியிருப்புகளை உருவாக்கியது. பின்னர் தனியார் மனைப்பிரிவுகள் நான்கு திசைகளிலும் பெருகின. கண்மாய்ப் பாசனத்தில் இருந்த வயல்கள் பல மனைகளாயின. விற்பனையின்போது சாலை, பூங்கா, குடிநீர் எல்லாம் வரைபடத்தில் இருக்கும். வீடு கட்டிக் குடிவந்த பிறகு அவற்றைப் பெறுவது வாங்கியவர்களின் பொறுப்பாகிவிடும். சங்கம் தோன்றுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

2011இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் ஆகிய நகராட்சிகளும், ஆர்விபட்டி, திருநகர், விளாங்குடி ஆகிய பேரூராட்சிகளும், 11 ஊராட்சிகளும் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு, வார்டுகளின் எண்ணிக்கை 72இலிருந்து 100 ஆக உயர்ந்தது. பரப்பளவு ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டரானது. நகரின் எல்லை விரிந்த வேகத்தில் குழாய்களும் சாக்கடைகளும் விரியவில்லை. மேலும், 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பின் 2022 பெப்ரவரி வரை தேர்தல் நடைபெறவில்லை. மனுவை வாங்கிக்கொள்ள வார்டு உறுப்பினரே இல்லாத அந்த ஐந்து ஆண்டுகளில், அதிகாரிகளைச் சந்தித்துப் பேசும் பணியைச் சங்கங்களே செய்தன. சங்கத் தலைவர்கள் சிலர் உள்ளூரில் பெற்ற செல்வாக்கும், அதன்மீது சிலர் கொண்ட எரிச்சலும் இக்காலத்தில் வளர்ந்தவை.

சட்ட நிலை

பேச்சு வழக்கில் எல்லாமே 'சங்கம்' எனப்பட்டாலும், சட்டத்தின் பார்வையில் இரு வேறு வகைகள் உள்ளன. இவ்வேறுபாட்டை அறியாமையால் எழும் சண்டைகள் ஏராளம்.

தனி வீடுகள் கொண்ட தெருக்களிலும் மனைப்பிரிவுகளிலும் உள்ள சங்கங்கள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 என்பதன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யப்படுகின்றன. குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் இத்தகைய சங்கத்தைப் பதியலாம். இதில் சேர்வது தன்விருப்பத்தைப் பொறுத்தது. அந்தத் தெருவில் வீடு வாங்கியதாலேயே ஒருவர் உறுப்பினராகிவிடுவதில்லை. உறுப்பினர் அல்லாதவரிடம் சந்தாவைக் கட்டாயமாகப் பெறச் சட்டம் இடம் தருவதில்லை.

அடுக்குமாடிச் சங்கத்தின் நிலை வேறு. அங்கு ஒவ்வொருவருக்கும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும், படிக்கட்டு, மின்தூக்கி, நீர்த்தொட்டி போன்றவற்றில் பொது உரிமையும் உண்டு. எனவே பொதுச் செலவில் தம் பங்கைத் தருவது விருப்பம் அன்று, கடமை ஆகும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சு 6 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் அடுக்குமாடிச் சங்கங்கள் பல, பழக்கத்தின் காரணமாகவோ எளிமை கருதியோ 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே பதிவு செய்துகொண்டன. 2016ஆம் ஆண்டின் நில மனைத் தொழில் சட்டமும், பெரும்பான்மை வீடுகள் முன்பதிவான மூன்று மாதங்களுக்குள் சங்கம் அமைய வழிசெய்யுமாறு கட்டுமான நிறுவனத்தைப் பணிக்கிறது.

அதிருப்திக்கான காரணங்கள்

இரட்டைச் செலவு

மாநகராட்சிக்குச் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம் ஆகியவற்றைச் செலுத்துபவர், அதே பணிகளுக்காகச் சங்கத்துக்கும் சந்தா செலுத்த நேர்கிறது. 2022இல் சென்னை தவிர்த்த பிற மாநகராட்சிகளில் வீடுகளுக்கான சொத்து வரி, பரப்பளவுக்கு ஏற்ப 25 முதல் 100 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டபோது இக்குறை மேலும் கூர்மையடைந்தது. நமக்கு நாமே திட்டம் போன்றவற்றில் பணியின் மதிப்பில் ஒரு பகுதியை மக்கள் முன்கூட்டியே திரட்டித் தரவேண்டும். அத்தொகையைத் திரட்டுவது சங்கமே. வரி கட்டியவர் மீண்டும் ஏன் பங்குத்தொகை கட்டவேண்டும் என்ற கேள்வி சங்கத்தை நோக்கிக் கேட்கப்படுகிறது. உண்மையில் அது அரசை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி.

அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளில் சுமை இன்னும் மிகுதி. சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் இத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியிடப்பட்டன. முதலில் மனைப்பிரிவு முழுமைக்கும் ஒப்புதல் பெற்று, பின்னரே தனி மனைகளுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இதற்கான அலைச்சலைச் சங்கங்கள் ஏற்றுக்கொண்ட இடங்களில், அச்செலவுக்குப் பங்கு தராதவரின் மனைக்கும் அதே ஒப்புதல் கிடைத்தது. பணம் கொடுத்தவர்கள் சங்கத்தை வெறுக்கத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கும் தேர்தலும்

1975ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, வரவு செலவுக் கணக்கை முன்வைத்து, அதனைப் பதிவாளரிடமும் அளிக்க வேண்டும். நடைமுறையில், பணி ஓய்வு பெற்ற இருவர் மூவரே தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பதவிகளை மாறி மாறி வகிப்பதுண்டு. இதற்கு அவர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. பொதுக்குழுவுக்கு வராமல், வந்தாலும் பொறுப்பேற்க மறுத்து, ஆண்டு முழுவதும் குறை கூறும் உறுப்பினர்கள் எல்லாச் சங்கத்திலும் உள்ளனர். கணக்கு எழுதாத பொருளாளர்கள் அனைவரும் கையாடல் செய்தவர்கள் அல்லர். ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் பழுதான நாளில் கைப்பணத்தைக் கொடுத்துச் சரிசெய்து, துண்டுச் சீட்டில் குறித்து வைப்பவர்களே மிகுதி. ஆனால் அச்சீட்டுகளை ஒருவர் கேட்கும்போது அதனை அவமதிப்பாகக் கொள்வதும், கேட்டவரைக் கலகக்காரர் என்பதும் சங்கத்தின் மீதிருந்த நம்பிக்கையை இல்லாமல் செய்துவிடுகின்றன.

உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் விண்ணப்பித்தால் சங்கத்தின் நடவடிக்கைகள் குறித்துப் பதிவாளர் விசாரிக்கலாம், தாமாகவும் விசாரிக்கலாம். தனி ஒருவரின் புகாருக்கு அந்த வலு இல்லை.

பூங்காவும் கோயிலும்

அங்கீகாரம் பெற்ற பெரிய மனைப்பிரிவுகளில் நிலத்தின் 10 விழுக்காடு திறந்தவெளியாக ஒதுக்கப்பட்டு, சாலைகளுடன் சேர்த்து உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட வேண்டும். அவ்விடத்தில் சங்கக் கட்டடம் எழுப்புவதும், பிள்ளையார் கோயில் கட்டுவதும் மதுரையில் புதியவை அல்ல. வெட்டவெளியாகக் கிடந்தால் பிறர் ஆக்கிரமித்துவிடுவர், கோயில் இருந்தால் எவரும் தொடமாட்டார் என்பது நிர்வாகிகளின் வாதம். இவ்வாதத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் பொது இடங்களில் புதிய வழிபாட்டுக் கட்டடங்கள் எழுப்பப்படுவதை அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29 அன்று ஆணையிட்டது.

குடமுழுக்கு, அன்னதானம், பொங்கல் விழா ஆகியவற்றுக்கான நன்கொடையும் மாதச் சந்தாவும் ஒரே இரசீதுப் புத்தகத்தில் வரவு வைக்கப்படும்போது, வேறு சமயத்தினரும் சமய நம்பிக்கை இல்லாதோரும் ஒதுக்கப்பட்டதாக உணர்கின்றனர். அவர்கள் இதை வெளிப்படையாகக் கூறுவது அரிது. சந்தா கொடுப்பதை நிறுத்திவிடுவதே வழக்கம்.

தெருக்கதவு

திருட்டு நிகழ்ந்த பின், தெருமுனையில் இரும்புக் கதவு அமைத்து இரவில் பூட்டுவது சில பகுதிகளின் வழக்கம். சாலை மாநகராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தால் அது பொதுவழியாகும். அதனைப் பூட்டச் சங்கத்துக்கு உரிமை இல்லை. இரவுப் பணி முடித்து வருபவர், அவசர ஊர்தியை அழைத்தவர், பால் வண்டிக்காரர் ஆகியோர் காவலாளியைத் தேட வேண்டியுள்ளது. மாறாக, ஒப்படைக்கப்படாத சாலைகள் மனை விற்றவர் பெயரிலேயே நீடிப்பதால், அங்குக் கதவு வைக்கவோ அகற்றவோ யாருக்கு உரிமை என்பதே தெளிவற்றதாக உள்ளது.

வாடகைதாரரும் வெளியூர் உரிமையாளரும்

பெரும்பாலான சங்கங்களின் துணைவிதிகள் வீட்டு உரிமையாளருக்கே வாக்குரிமை அளிக்கின்றன. வாடகைதாரர் பராமரிப்புத் தொகையைச் செலுத்துவார். கூட்டத்தில் பேச முடியாது. மாடியில் வாழும் உரிமையாளரும் கீழ்த்தளத்து வாடகைதாரரும் ஒரே குழாயைப் பயன்படுத்தும் வீட்டில், ஒரு சந்தாவா இரண்டு சந்தாவா என்பது தீராத வழக்கு. திருமணமாகாத இளைஞர்களுக்கும் குறிப்பிட்ட சமூகத்தினருக்கும் வீடு தரக்கூடாது என்று சில இடங்களில் வாய்மொழியாக அறிவுறுத்தப்படுவதும் உண்டு. இது உரிமையாளரின் வருவாயையும் பாதிக்கிறது. குசராத்தில் பார்சி சமூகத்தினரின் கூட்டுறவு வீடமைப்புச் சங்கம் ஒன்று தொடர்பான வழக்கில், துணைவிதியின் மூலம் உறுப்பினர் தகுதியை ஒரு சமூகத்தினருக்கு வரையறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. அது கூட்டுறவுச் சங்க உறுப்பினர் தகுதி பற்றியது. தெருச் சங்கம் ஒன்று, உறுப்பினர் அல்லாதவர் தம் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடலாம் என்று கட்டளையிட அதில் இடமில்லை.

வளைகுடா நாடுகளிலோ சென்னையிலோ வாழ்ந்துகொண்டு இங்குக் காலிமனை வைத்திருப்போரின் குறை வேறு விதமானது. பயன்படுத்தாத தெருவிளக்குக்கும் காவலுக்கும் ஏன் பணம் என்று அவர்கள் கேட்கின்றனர். சீமைக்கருவேலம் மண்டிய அம்மனையிலிருந்து பாம்பு வருகிறது என்பது பக்கத்து வீட்டுக்காரரின் பதில்.

வளர்ப்பு நாய்கள் குறித்த சச்சரவும் பரவலானது. குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் தெளிவுபடுத்தியது.

அடுக்குமாடிகளில்

அடுக்குமாடிகளில் சச்சரவு பெரும்பாலும் எண்களைப் பற்றியது. பராமரிப்புத் தொகையை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் 600 சதுர அடி வீட்டுக்காரர் வருந்துவார். பரப்பளவுக்கு ஏற்பப் பிரித்தால் 1,400 சதுர அடி வீட்டுக்காரர் வருந்துவார். தரைத்தளத்தில் இருப்பவர் மின்தூக்கிச் செலவையும், மேல்தளத்தில் இருப்பவர் மொட்டைமாடிக் கசிவைச் சரிசெய்யும் செலவு தம் தலையில் மட்டும் விழுவதையும் எதிர்ப்பர்.

பொது மின் இணைப்பு இன்னொரு சிக்கல். 2022 செப்டம்பரில் இதற்குத் தனிக் கட்டண வகை உருவாக்கப்பட்டு, அலகு 8 ரூபாய் என விதிக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் 2023 நவம்பரில், பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று தளங்களுக்குட்பட்ட, மின்தூக்கி இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் 8 ரூபாய் 15 காசிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. பதினொரு வீடுகள் உள்ள கட்டடத்துக்குச் சலுகை இல்லை. இதைப் பலர் தங்கள் சங்கச் செயலாளரின் தவறாகக் கருதினர்.

சரக்கு மற்றும் சேவை வரியைப் பொறுத்தவரை, மாதப் பராமரிப்புத் தொகை 7,500 ரூபாய் வரை விலக்கு உண்டு. அதனைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18 விழுக்காடு வரி என்று 2019இல் சுற்றறிக்கை வெளியானது. மிகுதித் தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 சூலையில் தீர்ப்பளித்தது. 8,000 ரூபாய் செலுத்துபவருக்கு இவ்வேறுபாடு 1,440 ரூபாய்க்கும் 90 ரூபாய்க்கும் இடைப்பட்டது. மதுரையில் இத்தொகையை எட்டும் குடியிருப்புகள் குறைவு.

பாக்கி வைத்தவரின் குடிநீரை நிறுத்துவது சங்கங்கள் கையாளும் கடுமையான வழி. பாக்கியை வசூலிக்க உரிமையியல் நீதிமன்றத்தை அணுகுவதே முறை. வாடகைதாரருக்கு இன்றியமையாத வசதிகளை நிறுத்தி வைப்பதை, 2019 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகை தொடர்பான 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 சூலை 24 முதல் இயங்குவதால், தென் மாவட்டத்தினர் உயர் நீதிமன்றத்துக்காகச் சென்னை செல்லத் தேவையில்லை. எனினும் பக்கத்து வீட்டுக்காரர்மீது வழக்குத் தொடுக்க எவரும் எளிதில் துணிவதில்லை. தினமும் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் என்பதே காரணம்.

பிற நாடுகளில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டு உரிமையாளர் சங்கங்களுக்கு எதிரான கசப்பு இதைவிடக் கடுமையானது. அங்கு வீட்டை வாங்கும் பத்திரத்துடனேயே உறுப்பினர் பொறுப்பும் சேர்ந்து வருகிறது. புல்தரையின் உயரம், சுவரின் நிறம் போன்றவற்றுக்கும் தண்டம் விதிக்கலாம். பல மாநிலங்களில் நிலுவைக்காக வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரலாம். இலங்கையில் 1973ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டமும், சிங்கப்பூரில் அடுக்குரிமைச் சட்டங்களும் இத்தகைய நிர்வாகத்தை ஒழுங்குபடுத்துகின்றன. மதுரையின் தெருச் சங்கம் இவற்றைப் போன்ற வலிமை உடையதன்று. ஆனால் வலிமை குறைவாக இருப்பதால், கேள்வி கேட்பதற்கான முறையான வழிகளும் குறைவாக உள்ளன.

பகுதி சபைகள்

நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைப்பதற்கான விதிகள் 2022இல் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. சங்கத்துக்கும் பகுதி சபைக்கும் உள்ள வேறுபாடு குறிப்பிடத்தக்கது. பகுதி சபையில் அப்பகுதி வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் இடம்பெறுகின்றனர். சந்தா இல்லை, வீடு சொந்தமாக இருக்க வேண்டியதும் இல்லை. எனவே சங்கத்தில் பேச முடியாத வாடகைதாரர் இங்குப் பேசலாம். வெளியூரில் வாக்குரிமை உள்ள மனை உரிமையாளருக்கு இதில் இடமில்லை.