ஃபைனல் ஃபேன்டசி: வளர்ச்சி விதிகளின் வரலாறு

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1987 டிசம்பர் 18 அன்று நின்டென்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டசி’ இன்று பதினாறு முதன்மைப் பாகங்கள் கொண்ட நெடுந்தொடராக நிற்கிறது. இப்பாகங்கள் ஒவ்வொன்றும் புதிய உலகில் புதிய மாந்தரோடு தொடங்குவதோடு, முந்தைய பாகத்தின் ஆட்டவிதிகளில் பெரும்பகுதியைக் கைவிட்டுவிட்டே தொடங்குகின்றன. மக்கள் விரும்பிய ஆட்டத்தின் விதிகளை மெருகேற்றி மறுபடியும் தருவதே வீடியோ கேம் துறையின் பொதுவழக்கமாக இருக்க, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தொடர் தன் அடித்தளத்தையே மீண்டும் மீண்டும் பெயர்த்துக் கட்டிவந்திருப்பது தனித்து ஆராயத்தக்கது.

பாத்திரமேற்பு விளையாட்டு எனப்படும் இவ்வகையில் ஆட்டக்காரர் ஒரு வீரர் குழுவை வழிநடத்தி, போர்களின் வழியே அதனை வலுப்படுத்திக்கொண்டே கதையைக் கடந்து செல்கிறார். அவ்வலிமை எதனால் கூடுகிறது, எந்தத் திசையில் கூடுகிறது என்பதை வரையறுப்பவற்றை வளர்ச்சி விதிகள் எனலாம். ஒரு வீரன் என்னவாக ஆவான் என்பதை முடிவுசெய்யும் உரிமை கதையை எழுதியவருக்கா, ஆட்டக்கருவியைக் கையில் பிடித்திருப்பவருக்கா என்ற கேள்விக்கு இத்தொடர் அளித்துவந்த மாறுபட்ட விடைகளாகவே அவ்விதிகளைப் படிக்க வேண்டும்.

ஹிரொனோபு சகாகுச்சி இயக்கிய முதற்பாகத்தின் போர்விதிகளை வகுத்தவர் அகிதோஷி கவாஸு ஆவார். 1974-இல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசைவிளையாட்டின் சாயல் அவற்றில் வெளிப்படையாகவே தெரிகிறது. மந்திரங்கள் எட்டுப் படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் இத்தனை முறைதான் என்ற எல்லை வைக்கப்பட்டது. செலவான முறைகளை மீட்க, பெரும்பாலும் விடுதியில் தங்கியாக வேண்டும். 1986-இல் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘டிராகன் குவெஸ்ட்’ ஒரே வீரனை ஆட்டக்காரரிடம் கொடுத்திருக்க, ஸ்கொயர் நால்வரைக் கொடுத்து, போர்வீரன், திருடன், மற்போர் வீரன், செம்மந்திரவாதி, வெண்மந்திரவாதி, கருமந்திரவாதி ஆகிய ஆறு தொழில்களில் எவரெவர் எதை ஏற்பது என்பதைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ளச் செய்தது. நால்வரையும் வெண்மந்திரவாதிகளாக்கிக்கொண்டு துன்பப்படவும் தடையில்லை. ஆனால் தேர்ந்த தொழிலை மாற்ற வழியுமில்லை. அந்நால்வருக்கும் சொந்தப் பெயரோ பேச்சோ கிடையாது. கதை அவர்களிடம் எதையும் எதிர்பார்க்காததாலேயே அவர்களை ஆட்டக்காரரிடம் முழுமையாக ஒப்படைக்க முடிந்தது.

மறு ஆண்டு டிசம்பரில் வெளிவந்த இரண்டாம் பாகம் அந்த அமைதியைக் கலைத்தது. பேரரசொன்றின் படையெடுப்பில் பெற்றோரை இழந்த இளைஞர்கள் பெயரோடும் வரலாற்றோடும் இதில் நாயகர்களாயினர். ஆனால் அவர்களுக்கு முன்தீர்மானிக்கப்பட்ட தொழில் எதுவும் இல்லை. போர் முடிந்ததும் அனுபவப் புள்ளிகளைக் கூட்டி நிலை உயர்த்தும் முறையையே கவாஸு அகற்றிவிட்டு, எதைச் செய்கிறோமோ அதில் தேர்ச்சி கூடும் என்ற விதியைப் புகுத்தினார். வாளை வீசியவன் வாளில் தேர்ந்தான், ஒரு மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னவளுக்கு அம்மந்திரம் வலுத்தது, அடிபட்டு உயிர்ப்புள்ளிகளை இழந்தவருக்கு அப்புள்ளிகளின் உச்ச அளவு உயர்ந்தது. மூல வடிவத்தில் உடல்வலிமை கூடும்போது அறிவாற்றல் குறையவும் கூடும் என்பதால், எல்லாத் துறைகளிலும் ஒருவரையே வல்லவராக்குவது எளிதாக இருக்கவில்லை.

மனிதர் உண்மையில் கற்கும் முறைக்கு மிக நெருங்கிய விதி இதுவே. ஆயினும் ஆட்டக்காரர்கள் விதியின் நோக்கத்தைப் பின்பற்றாமல் அது எதற்குப் பரிசளிக்கிறது என்பதைப் பின்பற்றினர். அடிபட்டால் உயிர்ப்புள்ளி கூடுமென்றால், பகைவரின் அடிக்காகக் காத்திருப்பானேன் என்று தம் குழுவினரைத் தம் குழுவினரைக் கொண்டே அடிக்கச் செய்தனர். ஃபேமிகாம் வடிவத்தில் ஒரு கட்டளையைத் தேர்ந்து உடனே விலக்கிக்கொண்டாலும் அது பயன்பாடாகக் கணக்கிடப்பட்டதால், எதையும் செய்யாமலேயே மந்திரங்களை உச்சத்துக்குக் கொண்டுசென்றனர். பிற்காலத்தில் இப்பாகம் தொடரின் தவறிய முயற்சி என்று இகழப்பட்டதற்கு இவையே காரணம். எனினும் அவ்விகழ்ச்சி நியாயமானதாகத் தோன்றவில்லை. வளர்ச்சி விதி என்பது ஆட்டக்காரரின் நடத்தையையே வடிவமைக்கும் சட்டம் என்ற உண்மையை இத்தொடரில் முதன்முதலாக வெளிக்கொணர்ந்தது இப்பாகமே. கவாஸுவும் தம் எண்ணத்தைக் கைவிடவில்லை. 1989-இல் கேம் பாய் கருவிக்காக அவர் தொடங்கிய ‘ஸாகா’ தொடரில் அதே திசையில் இன்னும் துணிச்சலான சோதனைகளை நடத்தினார்.

1990-இல் வந்த மூன்றாம் பாகம் அனுபவப் புள்ளிகளை மீட்டெடுத்து, தொழிலை வேண்டியபோதெல்லாம் மாற்றிக்கொள்ளும் உரிமையைச் சேர்த்தது. இவ்வுரிமை பெயரளவிலேயே பெரிது என்றுதான் சொல்ல வேண்டும். சில பகைவரை வெட்டினால் அவர்கள் பல்கிப் பெருகுவர், கருவாள் ஏந்திய வீரர்கள் மட்டுமே அவர்களை அடக்க முடியும். காருடா என்ற பகைவனிடம் வேலேந்திப் பாயும் டிராகூன்கள் இல்லாமல் தப்புவது கடினம். ஆசிரியர் பூட்டிய பூட்டுக்கு ஆட்டக்காரர் ஏற்ற சாவியை எடுத்து நீட்டுவதே இங்குத் தொழில்மாற்றத்தின் பெரும்பயனாக இருந்தது.

சூப்பர் ஃபேமிகாம் கருவியில் 1991 ஜூலை 19 அன்று வெளியான நான்காம் பாகம் கேள்வியின் மறுகரைக்கே சென்றது. செசில் கருவீரன், கெய்ன் டிராகூன், ரோஸா வெண்மந்திரவாதி என ஒவ்வொருவரின் தொழிலும் கதை வகுத்தபடியே நிலைத்தது. யார் குழுவில் சேர்வர், யார் நீங்குவர், எப்போது எந்த மந்திரம் வரும் என்பவை அனைத்தையும் கதையே முடிவுசெய்தது. உரிமையை இழந்த ஆட்டக்காரருக்கு ஈடாகக் கிடைத்தது, விதிகளே கதை சொல்லும் அரிய அனுபவம். தன் ஊர் தீயில் அழிந்ததைக் கண்ட சிறுமி ரிடியா நெருப்பு மந்திரத்தைச் சொல்ல மறுக்கிறாள். பனி மூடிய மலைவழியில் துணைவர்கள் தேற்றிய பிறகே அம்மந்திரம் அவள் பட்டியலில் ஏறுகிறது. முதிய மந்திரவாதி டெல்லாவின் மந்திரப் புள்ளிகள் எத்தனை நிலை உயர்ந்தாலும் 90-ஐத் தாண்டுவதில்லை. மகளின் சாவுக்குப் பழிவாங்க அவர் தேடும் மெட்டியோ மந்திரத்தின் விலையோ 99. ஆட்டக்காரர் வெறும் எண்ணாகக் கண்டுவந்த அந்த எல்லையை டெல்லா தம் உயிரைக் கொடுத்துத் தாண்டும் காட்சியில், கணக்கும் துயரமும் ஒன்றாகிவிடுகின்றன. இத்தொடர் முழுவதிலும் இதற்கு இணையான இடம் மிகச் சிலவே.

இப்பாகத்தின் இன்னொரு கொடை, ஹிரொயுகி இதோ வடிவமைத்த ‘ஆக்டிவ் டைம் பேட்டில்’ முறை. அதற்குமுன் இரு தரப்பும் சதுரங்கத்தைப்போல மாறிமாறித் தம் முறைக்காகக் காத்திருந்தன. இதோவின் முறையிலோ ஒவ்வொரு வீரருக்கும் ஒவ்வொரு பகைவருக்கும் தனித்தனியே காலம் ஓடுகிறது. விரைவு மிக்கவர் அடிக்கடி செயல்படுகிறார், ஆட்டக்காரர் தயங்கினால் பகைவர் தயங்குவதில்லை. கார்ப் பந்தயத்தில் வண்டிகள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றையொன்று முந்துவதிலிருந்து இவ்வெண்ணம் அவருக்கு உதித்ததாகக் கூறப்படுகிறது. அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்கு, ஒன்பதாம் பாகம் வரையில், தொடரின் மாறாத முதுகெலும்பாக இருந்தது இது ஒன்றே.

1992 டிசம்பரில் வெளிவந்த ஐந்தாம் பாகம், மூன்றாம் பாகத்தின் தொழில்மாற்றத்தை எடுத்து அதன் குறையை ஒரே விதியால் தீர்த்தது. ஒரு தொழிலில் இருந்து பழகிய திறனை, வேறு தொழிலுக்கு மாறும்போதும் உடன் கொண்டுசெல்லலாம் என்பதே அவ்விதி. மற்போர் வீரனாக இருந்து வெறுங்கைப் போரைக் கற்றவர் கருமந்திரவாதியாக மாறி, கோலைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே பகைவரை வீழ்த்தலாம். நிஞ்சாவிடம் இருகை ஆயுதத்தைக் கற்றவர் வேட்டைக்காரரின் விரைவுத் தாக்குதலோடு அதை இணைத்து, வடிவமைத்தவர்களே அஞ்சத்தக்க வலிமையை அடையலாம். தொழில் எதையும் ஏற்காத தொடக்கநிலையே, பல தொழில்களில் முழுத்தேர்ச்சி பெற்றவருக்கு இறுதியில் மிக வலிய நிலையாகத் திரும்பி வருகிறது. கற்ற தொழில்களின் இயல்புகள் பலவும் அந்நிலையில் அவருக்கு உரியனவாகின்றன. கதை இங்கு மென்மையாகவே ஓடுகிறது. ஆனாலும் கலஃப் இறந்தபின் அவருடைய பேத்தி க்ருரு அவர் பெற்ற திறன்களை அப்படியே ஏற்று இடத்தை நிரப்பும்போது, ஆட்டக்காரரின் உழைப்பு வீணாகாமலேயே இழப்பு உணரப்படுகிறது. ஆட்டவிதியின் நேர்த்தியை மட்டுமே அளவாகக் கொண்டால், தொடரின் தலைசிறந்த பாகம் இதுவே. ஆயினும் இது அதிகாரபூர்வ ஆங்கில வடிவம் பெற 1999 வரை காத்திருக்க நேர்ந்ததால், ஜப்பானுக்கு வெளியே இதன் பெருமை வெகுகாலம் உணரப்படவில்லை.

ஆறாம், ஏழாம் பாகங்கள் உலகப்புகழ் பெற்றவை என்றாலும், வளர்ச்சி விதியில் அவை காட்டுவது ஒரு சமரசத்தை. 1994-இல் வந்த ஆறாம் பாகத்தின் பதினான்கு மாந்தருக்கும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. அதே சமயம் எஸ்பர் எனும் தெய்விக உயிர்களின் கற்களை ஏந்தினால் ஏறக்குறைய எவரும் எந்த மந்திரத்தையும் கற்கலாம் என்பதால், ஆட்டத்தின் முடிவை நெருங்கும்போது அத்தனிமைகள் கரைந்துபோகின்றன. 1997-இல் வந்த ஏழாம் பாகத்தில் திறன்களில் பெரும்பாலானவை மட்டீரியா என்ற உருண்டைகளுக்குள் அடங்கின. ஆயுதத்தில் பொருத்தினால் திறன் வரும், கழற்றினால் போய்விடும். ஏரித் கொல்லப்படும் புகழ்பெற்ற காட்சிக்குப்பின் அவள் அணிந்திருந்த மட்டீரியாக்கள் ஆட்டக்காரரிடமே திரும்பிவிடுவதை நினைத்தால், திறனை மாந்தரிடமிருந்து பிரித்ததன் விளைவு துலங்கும்.

எட்டாம் பாகம் 1999 பிப்ரவரி 11 அன்று வெளியாயிற்று. போர்முறையை வகுத்த இதோ, பாத்திரமேற்பு விளையாட்டின் மிகப்பழைய பழக்கமான, எளிய பகைவரை ஓயாமல் கொன்று நிலையுயரும் சலிப்பான உழைப்பைத் தேவையற்றதாக்கும் விதிகளைப் படைத்தார். குழுவின் நிலை உயர உயரப் பகைவரின் நிலையும் உயர்ந்தது. கொன்ற பகைவர் பணம் தரவில்லை, மாறாக, நாயகன் சேர்ந்த படைக்கழகத்தில் அவனது தரத்துக்கேற்பச் சம்பளம் வந்தது, எழுத்துத் தேர்வுகளில் தேறினால் அது கூடியது. மந்திரங்கள் பகைவரிடமிருந்து உறிஞ்சிச் சேமிக்கும் சரக்காயின. ஒவ்வொரு மந்திரத்திலும் நூறு வரை சேர்த்து, அதை உடல்வலிமையோடோ உயிர்ப்புள்ளியோடோ இணைக்கலாம், போரில் சொல்லிச் செலவழித்தால் அந்த வலிமை குறையும்.

இவ்விதிகளின் கூட்டு விளைவு வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்த அளவைக் கடந்துவிட்டது. நிலை உயராமல் இருப்பதே மிகச்சிறந்த உத்தி எனக் கண்டுகொண்ட ஆட்டக்காரர்கள், போர்களைத் தவிர்த்து, சீட்டாட்டத்தில் வென்ற சீட்டுகளை மந்திரங்களாக மாற்றி, தொடக்க மணிநேரங்களிலேயே அசைக்க முடியாத வலிமையைப் பெற்றனர். விதி விளக்கங்களைப் புரிந்துகொள்ளாத மற்றவர்களோ, மணிக்கணக்கில் மந்திரத்தை உறிஞ்சிக்கொண்டு அமர்ந்து, ஒழிக்கக் கருதிய சலிப்பையே வேறு வடிவில் அனுபவித்தனர். இரண்டாம் பாகத்துக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர்ந்தது. இருப்பினும், வலிமை தரும் காவல் உயிர்கள் நினைவாற்றலைத் தின்றுவிடுகின்றன என்று கதையில் வெளிப்படும்போது, ஆட்டக்காரர் தயங்காமல் பயன்படுத்திவந்த விதியே மாந்தரின் மறந்துபோன குழந்தைப் பருவத்துக்கு விளக்கமாகிறது. டெல்லாவின் 90 புள்ளிகளுக்குப்பின் விதியும் கதையும் இவ்வளவு ஆழமாகப் பிணைந்த இடம் இதுவே.

2000-இல் ஒன்பதாம் பாகம் நிலைத்த தொழில்களுக்குத் திரும்பியது. 2001-இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வந்த பத்தாம் பாகத்தில் தோஷிரோ சுச்சிதா கடிகாரத்தையே நிறுத்திவிட்டு, இனி யார் யார் செயல்படுவர் என்ற வரிசையைத் திரையில் காட்டி, சிந்தனைக்கு இடம் தந்தார். பதினொன்றாம் பாகம் இணையவழியில் பலர் கூடி ஆடுவது என்பதால் இந்த வரலாற்றில் தனிவழி செல்கிறது.

பன்னிரண்டாம் பாகத்தில் (2006) இதோ தம் பழைய கேள்வியை இன்னொரு கோணத்தில் கேட்டார். காம்பிட் எனப்படும் அதன் முறையில் ஆட்டக்காரர், உயிர்ப்புள்ளி பாதிக்குக் குறைந்த தோழருக்கு மருந்திடுக, பறக்கும் பகைவரை மந்திரத்தால் தாக்குக என்பன போன்ற நிபந்தனையும் செயலும் இணைந்த கட்டளைகளை வரிசைப்படுத்தி எழுதிவைக்க, வீரர்கள் அவற்றைத் தாமே நிறைவேற்றுகின்றனர். ஆட்டம் தானாக ஆடிக்கொள்கிறது என்று பலர் குறைகூறினர். தன் கட்டளைகளின் ஓட்டையால் குழு மடிவதைக் கண்டு திருத்தி எழுதுவதே இங்கு ஆட்டம் என்பதை அவர்கள் கவனிக்கத் தவறினர். குறை வேறிடத்தில் இருந்தது: உரிமப் பலகை என்ற வளர்ச்சிப் படம் அறுவருக்கும் ஒன்றாகவே இருந்ததால், ஆறாம் பாகத்தைப்போல அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டனர். 2007-இல் ஜப்பானில் வந்த திருத்திய வடிவம் அப்பலகையைப் பன்னிரண்டு தொழில்களாகப் பிரித்து, ஒவ்வொருவரும் ஒன்றை மட்டும் மாற்றமுடியாதபடி தேர்ந்துகொள்ளச் செய்தது. இருபது ஆண்டுச் சோதனைகளுக்குப்பின் தொடர் வந்து சேர்ந்த இடம் 1987-இன் விதி.

அதற்குப்பின் தொடரின் நாட்டம் கைவேகத்தின் பக்கம் சாய்ந்தது. 2023 ஜூன் 22 அன்று வெளியான பதினாறாம் பாகத்தின் போரை, அதிரடி விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற கேப்காமில் முன்பு பணியாற்றிய ரியோதா சுஸுகி வகுத்தார்; அதில் போரிடும்போது ஆட்டக்காரர் நேரடியாக இயக்குவது கதைநாயகன் கிளைவைத்தான், குழுவை அல்ல.

பழைய பாகங்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன; ஆனால் மெருகேற்றப்பட்ட வடிவிலேயே கிடைக்கின்றன. 2019-இன் எட்டாம் பாக மறுவெளியீட்டில், வழியில் எதிர்ப்படும் போர்களை விரும்பியபோது நிறுத்திவிடலாம்; 2021 முதல் வெளியான முதல் ஆறு பாகங்களின் புதிய வடிவங்களில் ஃபேமிகாம் காலத்துப் பிழைகள் பலவும் களையப்பட்டுவிட்டன. விளையாடுவோருக்கு அது வசதி. விதிகளின் வரலாற்றை அறிய விரும்புவோர் மூல வடிவங்களைத் தேடி, அவற்றின் பிழைகளோடும் முரண்களோடும் ஆடிப் பார்க்க வேண்டும். உரிமை வைத்திருப்போர் அவற்றையும் திருத்தாத நிலையில் கிடைக்கச் செய்ய வேண்டும்.