கரும்பு இரகங்களும் செவ்வழுகல் நோயும்

கோயம்புத்தூரில் 1912ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையம், கரும்போடு நாணலைக் கலந்து 'கோ' இரகங்களை உருவாக்கியது. விளைச்சல் கருதியே வடஇந்திய உழவர் இவற்றைப் பெரிதும் ஏற்றனர். பீகாரில் பரவிய கோ 213, 1930களின் இறுதியில் செவ்வழுகல் நோய்க்கு இரையாயிற்று. நோயுற்ற கரணையே அடுத்த நிலத்திற்கும் நோயைக் கொண்டு சென்றது.

2009இல் வெளியான கோ 0238, இந்நோயை ஓரளவு தாங்கும் எனக் கருதப்பெற்றது. பத்தாண்டுகளில் உத்தரப் பிரதேசக் கரும்பு நிலத்தின் பெரும்பகுதி அதன் வயமாயிற்று; பூஞ்சையின் புதிய வகையொன்று அதனையும் தாக்கியது. ஆயினும் உழவர் அதனை எளிதில் கைவிடவில்லை. இதனை அறியாமை என்பது பொருந்தாது. மறுதாம்பிலும் பயன் தந்த பயிர் அது. மாற்று இரகத்தின் கரணையோ நெல்விதைபோல் விரைந்து பெருகாது, ஓராண்டில் ஏறத்தாழப் பத்து மடங்கே பெருகும்.