நோர்லிடன் உரச் சோதனை

நோர்லிடன் உரச் சோதனை என்பது வடக்கு சுவீடனில், நட்டு வளர்க்கப்பட்ட ஸ்காட்ஸ் பைன் காட்டில் 1971ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நீண்டகால வனவியல் ஆய்வாகும். நைட்ரஜன் உரம் மரங்களையும் மண்ணையும் பல பத்தாண்டுகளில் எவ்வாறு மாற்றுகிறது என்பதை இது ஆராய்ந்தது. சுவீடன் நாட்டுக் காட்டுச் சூழலியல் அறிஞர் கார்ல் ஓலோஃப் தாம் இதைத் தொடங்கினார்.

பின்னணி

வடபுலத்து ஊசியிலைக் காடுகளில் குளிர் மிகுதி என்பதால் உதிர்ந்த இலைகள் மிக மெதுவாகவே மட்குகின்றன. மண்ணிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி அந்த மட்கில் சிக்கிக்கொள்கிறது. மரங்களுக்குக் கிடைப்பது சிறிதளவே. இக்குறையைப் போக்க, 1960களில் சுவீடன் காடுகளில் உரமிடும் வழக்கம் பரவியது. அதே காலத்தில் அமில மழை பற்றிய கவலையும் எழுந்தது. மண்ணியலாளர் ஸ்வாந்தே ஓடேன் 1967இல் நாளிதழ்க் கட்டுரை ஒன்றின் மூலம் இதைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றார். உரத்தால் மரம் வளரும். ஆனால் மண் கெடுமா என்ற கேள்விக்கு விடை தேவைப்பட்டது.

சோதனை முறை

காட்டில் 0.09 எக்டேர் பரப்புள்ள துண்டுகள் பிரிக்கப்பட்டன. எக்டேருக்கு ஆண்டுதோறும் சராசரியாகச் சுமார் 34, 68, 108 கிலோ என மூன்று அளவுகளில் நைட்ரஜன், அம்மோனியம் நைட்ரேட்டாக இடப்பட்டது. ஒப்பீட்டுக்காகச் சில துண்டுகள் உரமின்றி விடப்பட்டன. 108 கிலோ இடுவது மட்டும் 20 ஆண்டுகளுக்குப் பின் நிறுத்தப்பட்டது.

மரங்களின் வளர்ச்சி

தொடக்கத்தில் உரமிட்ட எல்லாத் துண்டுகளிலும் மரங்கள் செழித்தன. 30 ஆண்டுகளின் முடிவிலோ நிலைமை வேறாக இருந்தது. உரமிடாத துண்டுகளைவிட, 34 கிலோ பெற்றவை எக்டேருக்குச் சுமார் 100 கன மீட்டர் மரம் கூடுதலாகத் தந்தன. 68 கிலோ பெற்றவை 50 கன மீட்டர் மட்டுமே கூடுதலாகத் தந்தன. 108 கிலோ பெற்றவற்றில் கூடுதல் எதுவும் இல்லை.

68 கிலோ வீதம் 30 ஆண்டுகளும், 108 கிலோ வீதம் 20 ஆண்டுகளும் இடப்பட்டதால், இரண்டிலும் சேர்ந்த மொத்த நைட்ரஜன் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் பலன் ஒன்றாக இல்லை. மொத்தம் எவ்வளவு என்பதைவிட, ஆண்டுக்கு எவ்வளவு என்பதே முக்கியம் என்று இதிலிருந்து தெரியவந்தது.

மண்ணில் மாற்றம்

அதிக உரம் பெற்ற இடங்களில், கனிம மண்ணில் வேர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை 70 விழுக்காடு வரை குறைந்தன, அமிலத்தன்மை கூடியது. போரான் பற்றாக்குறையும் தோன்றி, தொடக்கத்திலேயே சரிசெய்யப்பட்டது. ஆனால் மர வளர்ச்சியின் ஏற்றத்தாழ்வை மண்ணின் கால்சியம், அலுமினிய விகிதத்தைக் கொண்டு விளக்க முடியவில்லை. அமில மழைக் காலத்தில் பலர் நம்பிய அளவுகோல் அது.

உரம் நிறுத்தப்பட்ட இடத்தில் 10 ஆண்டுகளுக்குள் மண்ணின் அமிலத்தன்மை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. வேர்களோடு கூடிவாழும் பூஞ்சைகளும் மீளத் தொடங்கின. இம்மீட்சி எதிர்பார்த்ததைவிட விரைவானது.

முக்கியத்துவம்

இச்சோதனை முதல் சில ஆண்டுகளோடு முடிக்கப்பட்டிருந்தால், மூன்று அளவுகளுமே நல்லவை என்ற தவறான முடிவே எஞ்சியிருக்கும். மெதுவாக வளரும் காட்டுக்குச் செய்யும் பராமரிப்பின் பயனை அறிய, ஒரு மனிதரின் பணிக்காலம் அளவுக்குக் கூடக் காத்திருக்க வேண்டும் என்பதற்கு நோர்லிடன் ஓர் எடுத்துக்காட்டு.